எழுத்தின் எல்லைக்கோடு

கல்முனைப் பட்டினத்தின் பிரதான வீதியில் நடப்போர் எழுத்துகளின் இடையேதான் நடக்கின்றனர். புடைவைக் கடைகளின் பெயர்ப்பலகைகள், தனியார் வகுப்புகளின் விளம்பரங்கள், பரீட்சையிற் சித்தியெய்திய மாணவரை வாழ்த்தும் பதாகைகள், மரண அறிவித்தல்கள் என, சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை கரையோரச் சாலையின் இரு மருங்கும் தமிழ் எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். இவற்றுட் பெரும்பாலானவை இன்று தூரிகையால் எழுதப்படுவன அல்ல. கணினியில் எழுத்துரு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனை இழுத்தும் குறுக்கியும் சாய்த்தும் பருமனாக்கியும் அச்சிடப்படுவன. உற்று நோக்குவோர்க்கு இங்கே ஒரு விந்தை புலப்படும். சிறியதோர் அழைப்பிதழில் அழகாக நின்ற அதே எழுத்து, பத்தடிப் பதாகையில் விளிம்பு நெளிந்தும், சுழி அடைத்தும், புள்ளி விலகியும் காணப்படும். அச்சு இயந்திரத்தையும் மையையும் குறை கூறுவது வழக்கம். குறை பெரும்பாலும் அவ்விரண்டிலும் இல்லை; எழுத்தின் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

கணினியின் எழுத்துருவில் எழுத்து என்பது மைத்தீற்று அன்று. அது ஒரு வேலி. 'ட' என்னும் எழுத்தைக் கணினி வைத்திருப்பது, அவ்வெழுத்தின் கருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக்கோடாகவே. கோட்டுக்கு உட்பட்ட நிலம் கறுப்பு, வெளிப்பட்டது வெள்ளை. அம்பாறை மாவட்டத்து வயற்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. நில அளவையாளர் ஒரு காணியின் ஒவ்வோர் அங்குலத்தையும் குறித்து வைப்பதில்லை. மூலைக்கொரு கல் நாட்டுவார்; கல்லுக்குக் கல் வரப்பு ஓடும். எழுத்துருவிலும் அவ்வாறே. எல்லைக்கற்களைப் போன்ற கணுக்கள் சில. வரப்பு வளைந்து செல்ல வேண்டிய இடங்களில், எப்பக்கமாக எவ்வளவு வளைவது என்று சொல்லும் கைப்பிடிகள் சில. 'ட'வுக்குச் சில கணுக்களே போதும். 'ஹ'வுக்கும் 'ண'வுக்கும் பல வேண்டும்.

இக்கணுக்கள் நிற்கும் இடங்களும் வரையறுக்கப்பட்டவை. எழுத்து அமரும் சதுரத்தின் உயரம் சில எழுத்துருக்களில் 1000 பங்காகவும், வேறு பலவற்றில் 2048 பங்காகவும் கூறிடப்படும். ஒவ்வொரு கணுவும் இக்கட்டங்களின் மூலைகளில் ஒன்றிலே நிற்றல் வேண்டும். இரண்டுக்கும் இடையே நிற்க இயலாது. மருதமுனை நெசவாளர் இதனை நன்கறிவர். கட்டத்தாளில் வரைந்த பூவைத் தறியில் இறக்கும்போது அரை இழை என்று ஒன்று கிடையாது. பூவின் இதழ் ஐந்தரை இழை அகலம் என்று கணக்கு வந்தால், நெய்பவர் ஐந்தாக்குவார் அல்லது ஆறாக்குவார்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. எழுத்துருவைத் திருத்தும் மென்பொருள்களில் எழுத்தைப் பெரிதாக்கவும், சிறிதாக்கவும், சாய்க்கவும், சுழற்றவும், கண்ணாடியிற் கண்டாற்போலத் திருப்பவும் கட்டளைகள் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்துரு முழுவதும் மாறிவிடும். ஆனால் அக்கட்டளைகள் மாற்றுவது கணுக்களையே. தான் மாற்றுவது எழுத்து என்பதே மென்பொருளுக்குத் தெரியாது. 145ஆம் கட்டத்தில் நின்ற கணு ஒன்றை நூற்றுக்கு எழுபதாகக் குறுக்கினால் 101.5 என்று வரும். அரைக் கட்டம் இல்லாமையால் அது 102க்குத் தள்ளப்படும். குறுக்கியது பிடிக்கவில்லை என்று பழைய அளவுக்கு மீட்டால் 145.7 என்று வந்து, 146இல் போய் நிற்கும். ஒரு கட்டம்தானே என்று எண்ணலாம். அழைப்பிதழில் அது கண்ணுக்குத் தெரியாதுதான். ஆயின் எழுத்துச் சதுரம் ஒரு மீற்றர் உயரமாக அச்சிடப்படும் பதாகையில், ஆயிரம் பங்குள்ள எழுத்துருவின் ஒரு கட்டம் ஒரு மில்லிமீற்றர் ஆகும். வளைவு வழுவழுப்பாக ஓட வேண்டுமாயின், கணுவும் அதன் இருபுறக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். மூன்றும் தனித்தனியே ஒவ்வொரு கட்டம் விலகினால் நேர்கோடு முறிகிறது. 'ல'வின் வளைவில் மெல்லிய முடிச்சொன்று தோன்றுகிறது. பழைய எழுத்துரு ஒன்றை 2048 பங்கிலிருந்து 1000 பங்குக்கு மாற்றும்போது, ஏறத்தாழ எல்லாக் கணுக்களுக்கும் ஒரே நேரத்தில் இது நேரும்.

ஆகையால் முதல் விதி, மாற்றியதை மீண்டும் மாற்றாதிருத்தல். மூல எழுத்துருவின் பிரதி ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சியையும் அதிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மாற்றம் முடிந்தபின் ஒரே ஒரு முறை கணுக்களைக் கட்டத்துக்குக் கொண்டுவந்து, முடிச்சு விழுந்த வளைவுகளைக் கண்ணாற் பார்த்துக் கையால் நேராக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி உண்டென்று கூறுவோர் பத்தடிப் பதாகையைப் பார்த்திராதவர்.

எழுத்தைச் சிறிதாக்குதல் எளிய காரியம் அன்று என்பதை அச்சுலகம் கணினி தோன்றுமுன்பே அறிந்திருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய பாதிரிமார் தமிழ் நூல்களை அச்சிட முயன்ற காலத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே புதிதாக வெட்டி வார்க்க நேர்ந்தது. அக்காலத்து வார்ப்பாளரிடம் குறுக்கும் பொத்தான் இல்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே செதுக்கினர். செதுக்கும்போது, சிறிய எழுத்துக்குச் சற்று அகன்ற உடலும் திறந்த சுழியும் வேண்டும் என்பதைக் கைகளே கற்றுக்கொண்டன. இன்று அப்பணியைப் பொத்தான் செய்கிறது. கைகள் கற்ற பாடம் மட்டும் பொத்தானுக்கு வரவில்லை.

'ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை' என்னும் தொடரை ஒரே வரியில் அடக்க வேண்டியவர், எழுத்தின் அகலத்தை மட்டும் நூற்றுக்கு எழுபதாக்குவது உலக வழக்கமாகிவிட்டது. நிமிர்ந்து நிற்கும் கோடு 80 கட்டத் தடிப்பாயிருந்தால் அது 56 ஆகும். படுத்திருக்கும் கோடு பழைய 80ஆகவே இருக்கும். மெலிந்த கால்களின்மேல் பருத்த உடல் அமர்ந்தாற்போல எழுத்துத் தோன்றுவது இதனாலேயே. அகலத்தைக் கூட்டினால் இதற்கு மறுதலையாக நிகழும். பரிகாரம் ஒன்றே. குறுக்கிய பின்னர் நிமிர்ந்த கோடுகளை மட்டும் மீண்டும் தடிப்பாக்கிச் சமன்செய்தல் வேண்டும். அதற்கு நேரமில்லையாயின் தொடரை இரு வரியாக அச்சிடுவதே நாகரிகம்.

பருமனாக்குதலோ இன்னும் இடர் மிகுந்தது. பருமனாக்கும் கட்டளை எல்லைக்கோட்டை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. சுழியின் உட்கோட்டுக்கு வெளிப்பக்கம் என்பது சுழியின் நடு ஆதலால், அங்கே கோடு உள்நோக்கி நெருக்கும். நாற்பது கட்ட அகலமுள்ள சுழியின் இருபுறமும் இருபது கட்டம் தள்ளினால் சுழி அடைபட்டுப்போகும். அதற்கு மேலும் தள்ளினால் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு முடிச்சாகும். ஆங்கில எழுத்துகளிற் பல இதனைத் தாங்கும். அவற்றின் வயிறு பெரிது. தமிழ் தாங்காது. பாலர் வகுப்பிலேயே 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று எண்ணிக் கற்பிக்கப்படும் எழுத்துகள் இவை. சுழி அடைபட்டால் எண்ணுவதெப்படி? 'மணமகன்' என்று அச்சிட்ட அழைப்பிதழை 'மனமகன்' என்று எவரேனும் வாசித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றாந் தரத்துப் பிள்ளைக்காகச் செய்த எழுத்தட்டையில் அவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினால், அதனைச் சிரித்துத் தள்ள இயலாது. அப்பிள்ளை எழுத்தைக் காண்பது அதுவே முதன்முறை. மனத்தில் பதிந்த உருவம் பிழையென்று பின்னர் எடுத்துக்கூற நெடுங்காலம் செல்லும்.

'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு இதனினும் நுண்ணியது. கீழே சரிந்து இறங்கும் ஒரு சிறு வாலே 'ர'வை 'ர' ஆக்குவது. கணுக்கள் மிகுந்துவிட்டன என்று அவற்றைக் குறைக்கும் கட்டளையை அளவறியாது ஏவினால், மென்பொருள் அச்சிறு வாலைத் தேவையற்ற நெளிவென்று கருதி மழுக்கிவிடக்கூடும். எஞ்சுவது கால்.

கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இதிலே தனிப்பட்டதோர் அக்கறை உண்டு. இங்குள்ளோர் பெயர்களில் ஹ, ஸ, ஷ, ஜ என்னும் எழுத்துகள் அடிக்கடி வரும். 'ஃபாத்திமா', 'அஷ்ரஃப்' என எழுதும்போது ஆய்தமும் வரும். தமிழெழுத்துகளில் நெருக்கமான மடிப்புகள் கொண்டவை இக்கிரந்த எழுத்துகளே. பருமனாக்கினால் முதலில் அடைபடுவனவும் அவையே. ஆய்தத்தின் மூன்று வட்டங்களும் ஊதிப் பெருத்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் அது ஆய்தமாகத் தோன்றாது. சிந்திய மைபோலத் தோன்றும். எழுத்துருவைச் சோதிப்பவர் பலர் 'அம்மா', 'தமிழ்' என்று தட்டிப் பார்த்துத் திருப்தியடைவர். ஒருவருடைய பெயர் அதிற் சரியாக வருமா என்பதை அச்சொற்கள் காட்டமாட்டா. குர்ஆன் மதரஸாவில் ஓதப் பழகிய எவர்க்கும் இதன் கருத்து உடனே விளங்கும். அரபியில் 'ப' ஒலிக்கும் 'த' ஒலிக்கும் உரிய எழுத்துகளின் உடல் ஒன்றே; கீழே ஒரு புள்ளியா, மேலே இரு புள்ளியா என்பதிலேதான் ஓசை நிற்கிறது.

இனிச் சாய்த்தலைப் பார்க்கலாம். வளைந்த எழுத்தை வரையும் தேர்ந்த வரைஞர், அவ்வளைவின் மேற்கோடி, கீழ்க்கோடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய நான்கிலும் கணு நாட்டுவார். காணியின் நான்கு கோடிகளிலும் கல் நாட்டுவது போன்றது அது. எழுத்தின் அகல உயரத்தை அளப்பதற்கும், சிறிய திரையில் அதன் விளிம்பு தெளிவாக விழுவதற்கும் அக்கோடிக் கணுக்கள் உதவுகின்றன. எழுத்தை வலப்புறம் சாய்த்தால் மேற்கோடியும் கீழ்க்கோடியும் தத்தம் உயரத்திலேயே நிலைக்கும். இடக்கோடிக் கணுவும் வலக்கோடிக் கணுவும் இடம் மாறிப்போம். உண்மையான கோடி கணுவில்லாத வேறோரிடத்தில் அமையும். சுழற்றினாலோ நான்குமே பிழைத்துவிடும். ஆதலால் சாய்த்தபின் கோடிகளில் புதுக் கணுக்களைச் சேர்த்தலும், பயனற்ற பழையவற்றை நீக்குதலும் வேண்டும். மென்பொருளில் அதற்கொரு கட்டளை உண்டு. அது சேர்க்கும் கணு, ஏற்கெனவே உள்ள கணுவுக்கு மிக அருகில் விழுவதும் உண்டு. ஆகையால் பின்னர் ஒருமுறை கண்ணாற் பார்த்தல் நன்று.

சாய்க்கும்போது வட்டம் முட்டையாகிறது. தடிப்பும் ஒரு மூலையில் கூடி, மறு மூலையில் குறைகிறது. மெய்யெழுத்தின் தலையிலுள்ள வட்டப் புள்ளியும் முட்டையாகிவிடும். சாய்த்தபின் நேரான வட்டப் புள்ளியைக் கொணர்ந்து வைப்பது மேல்.

ஐரோப்பிய அச்சில் சாய்வெழுத்து என்பது நிமிர்ந்த எழுத்தைச் சரித்ததனால் பிறந்தது அன்று. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பார் 1501இல் வேர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, அறிஞரின் கையெழுத்தைப் பின்பற்றித் தனியே வெட்டுவித்த எழுத்து அது. தமிழச்சில் அத்தகைய மரபு வேரூன்றவில்லை. கணினியில் 'சாய்வு' என்று காணப்படுவது பெரும்பாலும் சரித்த எழுத்தே. சாய்ந்த தமிழே கூடாது என்பதன்று இதன் பொருள். இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்னும் எழுத்துரு சாய்ந்த கையெழுத்துப் பாங்கில் அமைந்தது. கை இயல்பாகச் சாய்த்து எழுதும் எழுத்துக்கும் இயந்திரம் சரித்த எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதனருகே ஒரு சரித்த எழுத்துருவை வைத்துப் பார்த்தால் அறியலாம்.

கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புதலில் வரும் பிழை விசித்திரமானது. எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் ஓடும் திசை உண்டு. வலஞ்சுழியாக ஓடும் கோடும் உண்டு. இடஞ்சுழியாக ஓடும் கோடும் உண்டு. வெளிக்கோடு ஒரு திசையிலும் உட்கோடு எதிர்த்திசையிலும் ஓடுவதாலேயே, சுழியின் நடு வெள்ளை என்று கணினி அறிகிறது. ஓரிடத்தைச் சுற்றி வலஞ்சுழியாக ஒன்று, இடஞ்சுழியாக ஒன்று எனக் கணக்கிட்டு, மிச்சம் பூச்சியமானால் அவ்விடத்தை வெள்ளையாக விடும். கயிற்றை ஒரு பக்கம் முறுக்கிப் பின் எதிர்ப்பக்கம் முறுக்கினால் முறுக்கு அவிழ்வது போன்றது இது. இப்போது ஓர் எழுத்தின் வளைவை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, வேறொரு கோட்டோடு மேற்படிய ஒட்டினார் என வைத்துக்கொள்க. திருப்பியதும் அவ்வளைவின் ஓட்டம் தலைகீழாகிறது. இரண்டு கறுப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் வெள்ளைத் துளை விழும். கறுப்பும் கறுப்பும் சேர்ந்து வெள்ளையாவதைக் கண்டு திகைக்கும் அச்சகத்தார் பலர், அத்துளையின்மேல் ஒரு கரும்பெட்டியை ஒட்டி மறைப்பர். திசையைத் திருத்தும் கட்டளை ஒன்றே அதற்குப் போதும்.

ஃபொன்ட் ஃபோர்ஜ் என்னும் மென்பொருளில் இக்கட்டளைகள் யாவும் உள்ளன. ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்பவர் 2000ஆம் ஆண்டளவில் வேறொரு பெயரில் தொடங்கி, 2004இல் இப்பெயர் பெற்ற இம்மென்பொருளை எவரும் காசின்றிப் பெறலாம். இதிற் கவனிக்க வேண்டியது கட்டளைகளின் வரிசை. திசையைத் திருத்துமுன் மேற்படிவுகளை ஒன்றாக்கினால், நீங்க வேண்டாத பகுதியும் நீங்கிவிடலாம். ஆகவே முதலில் திசை. அடுத்து மேற்படிவு நீக்கம். பின்னர் கோடிக் கணுக்கள். அதன்பின் கட்டத்துக்குக் கொணர்தல். இறுதியில் பிழை காணும் கட்டளையை ஏவினால், மூடாத கோடு, தன்னைத்தானே வெட்டும் கோடு, திசை மாறிய கோடு, கோடியிற் கணு இன்மை ஆகியவற்றை அது எழுத்தெழுத்தாகச் சுட்டிக்காட்டும். தன்னைத்தானே வெட்டும் கோட்டை மட்டும் முன்னரே கையால் அவிழ்த்தல் வேண்டும். எட்டு வடிவில் முறுகிய கோட்டின் ஒரு பாதி வலஞ்சுழி, மறுபாதி இடஞ்சுழி ஆதலால், எதனைத் திருத்துவதென்று மென்பொருளுக்கே தெரியாது.

எல்லைக்கோடு சீரானபின்னும் தமிழுக்கென ஒரு வேலை மிஞ்சுகிறது. தமிழ் எழுத்துருவில் எழுத்துகள் பல ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. ஒகரக் குறியைத் தனியே வரையாது, ஒற்றைக்கொம்பும் காலும் நிற்கும் இடங்களைச் சுட்டி அமைப்பர். கொம்பை மாற்றினால் அதனைச் சுட்டும் எழுத்துகளும் தாமே மாறும். இந்த உறவை மறந்து, மூல எழுத்துகளை ஒருநாளும் கூட்டெழுத்துகளை மறுநாளும் குறுக்கினால், கூட்டெழுத்துகள் இருமுறை குறுகிவிடும். எழுபதில் எழுபது நாற்பத்தொன்பது அல்லவா? எல்லாவற்றையும் ஒருங்கே தெரிந்து ஒரே முறையில் மாற்றுவதே முறை. புள்ளியும் அப்படித்தான். ககரத்தின் தலையில் புள்ளி எவ்விடத்தில் அமர வேண்டும் என்பதைக் காட்டும் நங்கூரக்குறி எழுத்துக்குள் உண்டு. வரைகோட்டை மட்டும் நகலெடுத்து வேறோர் எழுத்துருவில் ஒட்டியவர் அக்குறியைக் கொண்டுவர மறந்தால், புள்ளி தலையைவிட்டு விலகி அடுத்த எழுத்தின்மேல் போய் நிற்கும். வாசிப்பவர் மெய்யை உயிர்மெய்யாகவும், உயிர்மெய்யை மெய்யாகவும் வாசிப்பார். எழுத்தின் அகலமும் எழுத்துகளுக்கிடைப்பட்ட இடைவெளியும் சேர்ந்து மாறுமாறு மாற்றப் பெட்டியில் உள்ள தெரிவுகளைக் குறித்தலும் அவசியம்.

நகலெடுத்தல் பற்றி ஒன்று கூறவேண்டும். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் 'பாமினி' போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்தியவை. அவ்வடிவங்களை ஒருங்குறி முறைக்குக் கொண்டுவர விரும்புவோர் கரையோரத்திலும் உளர். எழுத்துருவுக்கும் உரிமையாளர் உண்டு என்பதை அவர்கள் முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வெளியான எழுத்துருக்களை எவரும் மாற்றலாம், பகிரலாம். மாற்றியதையும் அதே உரிமத்தின்கீழ் வெளியிடுதல் வேண்டும். மூலத்தார் ஒதுக்கிவைத்த பெயர் இருப்பின் அதனைப் பயன்படுத்தலாகாது. 'கவிவாணர்' அவ்வுரிமத்தில் வெளியானதே.

மாற்றிய எழுத்துருவைத் திரையிற் பார்த்து ஒப்புக்கொள்வது போதாது. 'மணமகன்', 'மனம்', 'ஹாஜரா', 'ஷரீஃப்', 'இராத்திரி', 'ஒளவையார்', 'ஔவையார்' என, சுழியும் வாலும் ஆய்தமும் கூட்டெழுத்தும் விரவிய சொற்களை இரண்டு தாள்களில் அச்சிடுதல் வேண்டும். ஒன்று, பள்ளிப் புத்தகத்து எழுத்தளவில். மற்றது, ஒரு தாளில் ஓர் எழுத்தே அடங்கும் அளவில். பெரிய தாளில் விளிம்பின் முடிச்சும் துளையும் தெரியும். சிறிய தாளில் சுழி அடைபடுவது தெரியும். சிறிய தாளை, அச்சொற்களை முன்னரே காணாத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லலாம். அவர் நா எந்த எழுத்தில் தயங்குகிறதோ, அந்த எழுத்தை மீண்டும் திறந்து அதன் கணுக்களைப் பார்க்க வேண்டியதுதான்.